ஒற்றை வாசல் கோபுரம்

மலாயாவில், சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைகளுக்கும் முன்னால், மரவள்ளி போட்ட சீன முதலாளி ஒருவர் கொள்ளைக்காரருக்குப் பயந்து கட்டியதாம். இரண்டு முழம் கனத்த சுவர். ஜன்னல் கிடையாது, உள்ளே அகன்று வெளியே ஒடுங்கிய பிளவுகள்தான். வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் ஒன்றரை ஆள் உயரத்தில். ஏறிப்போய் ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் எவனும் நெருங்க முடியாது.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் அதில் எதிரி விமானம் பார்க்க ஆள் வைத்தான். வேலை என் கணவரின் அண்ணனுக்குக் கிடைத்தது. காவல்காரனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடிக்க மாட்டார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். போனவர் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. எங்கள் லயத்து வீடுகளில் ஒவ்வொருத்தியும் தாலியைப் பிடித்துக்கொண்டு கிடக்க, என் ஓரகத்தி மட்டும் தலைவாரிப் பூ வைத்தாள்.

"எங்க ஆளு ஏணியத் தூக்கிட்டாருன்னா அவ்ளோதான்லா. உன் பாடுதான் பாவம், தங்கச்சி" என்றாள் குழாயடியில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் மட்டும் என்ன ஒசத்தி?

நேராகக் கிராணியிடம் போனேன். "மூத்தவரு மேல படுத்துத் தூங்குறாருங்க ஐயா. கொறட்டை கீழ வரைக்கும் கேக்குது" என்றேன். பச்சைப் பொய். ஜப்பான்காரர்கள் மூத்தவரைக் கன்னத்தில் அறைந்து இறக்கிவிட்டு, என் கணவரை ஏற்றினார்கள்.

"அண்ணன் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியேடி" என்றார் அவர்.

"வாய மூடிக்கிட்டு ஏறுங்க."

அந்த வாரம் நானும் பூ வைத்து, ஓரகத்தி வாசல் வழியாகவே போய்வந்தேன். ச்சீ, என்ன பிறவி!

ரப்பர் பால் நிறுக்கும் நேரத்தில் ஒருநாள் லாரி வந்தது. மேலிருந்து முதலில் பார்த்தவர் என் கணவர்தான். "ஆள் பிடிக்க வர்றான், ஓடுங்க!" என்று கத்தினார். அவர் அண்ணன் உட்பட அத்தனை ஆண்களும் ரப்பர் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள். சிப்பாய்களுக்கு மிஞ்சியது மேலே இருந்த என் கணவர் ஒருவர்தான். அவர் ஏணியை இழுத்துக்கொண்டார். அவர்கள் அவசரப்படவில்லை, வாசலுக்கு நேர் கீழே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார்கள். வெளியே இருப்பவனைத் தடுக்கத் தெரிந்த அந்த முதலாளி, உள்ளே இருப்பவன் தப்ப வழி வைக்கவில்லை. மறுநாள் மதியம், தாகம் தாங்காமல் அவரே ஏணியை இறக்கினார்.

சயாமுக்குப் போன அவர் திரும்பவே இல்லை.

"அழாதம்மா, நாங்க இருக்கோம்லா" என்று ஓரகத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். கிராணியிடம் போனது யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். உள்ளே அவள் புருஷன் இருமினார். பாவி நான், அந்த இருமல்கூட எனக்குப் பொறுக்கவில்லை.