டெஸ்ட் ரைடர் ஐசக்கின் சொந்த வண்டி

ஐசக் ஓட்டிய வண்டிகளை எண்ணி மாளாது. ஓசூர் சிப்காட்டில் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்துமூன்று வருடமாக அவர் டெஸ்ட் ரைடர். லைனிலிருந்து இறங்கும் புது வண்டியைக் கம்பெனிக்குப் பின்னால் முட்டை வடிவில் போட்டிருக்கும் தார்ப்பாதையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக், கியர், ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கிறதா, இன்ஜினில் வேண்டாத சத்தம் வருகிறதா. மூன்று நிமிட வேலை. சரியாக இருந்தால் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் குறையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுவார். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாகலூர் ரோட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வார். சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டும்தான்.

அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். மனைவி பவுலினா நர்ஸ். நாலு வருடத்துக்கு முன்னால் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனார். அடுத்த வருடமே மகள் வின்சியையும் ஐசக்கையும் அழைத்துக்கொண்டார். கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு ஐசக்கும் போனார். எட்டு மாதம் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. கூட வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவைப்பார். பவுலினாவுக்கு நைட் ஷிஃப்ட், வின்சிக்கு ஸ்கூல். விடுமுறை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவில் போகும் கார்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். விடுப்பு முடிகிறது, போகாவிட்டால் வேலை போய்விடும் என்று காரணம் சொல்லிக் கிளம்பி வந்துவிட்டார். பவுலினாவும் தடுக்கவில்லை. அங்கிருந்து வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கார் வாங்க வேண்டும் என்று அவர் திட்டமிட்டுப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டருக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டு, அது முடிகிற வரை பக்கத்தில் இருந்த ஷோரூமுக்குள் சும்மா நுழைந்தார். அனுப்ரியா என்ற பெண் வந்து தண்ணீர் கொடுத்தாள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று பேர் என்றார். அவள் உயரமான, விசாலமான ஒரு வண்டியைக் காட்டினாள். ஐசக்கின் கண்ணோ ஷோரூமின் ஓரத்தில் நின்ற சின்னக் காரின் மேல் போயிற்று. சாம்பல் கலந்த நீலம். தரையோடு தாழ்ந்து, அகலமான சக்கரத்தோடு, பின்னால் இரட்டைச் சைலன்சரோடு நின்றது.

"அது டர்போ சார், பவர் ஜாஸ்தி," என்றாள் அனுப்ரியா. "ஆனா ஃபேமிலிக்கு நான் சொல்ல மாட்டேன். சஸ்பென்ஷன் கட்டையா இருக்கும். டிக்கியும் சின்னது. வயசுப் பசங்கதான் வந்து கேப்பாங்க."

ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பேரண்டப்பள்ளி தாண்டிக் காட்டுப் பக்கம் ரோடு வெறிச்சென்று இருந்தது. மூன்றாவது கியரில் ஐசக் ஆக்சிலேட்டரை ஒரே சீராக அழுத்தினார். இன்ஜின் முதலில் ஒரு மூச்சு தயங்கிற்று. பிறகு முதுகை சீட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு கிளம்பிற்று. இருபத்துமூன்று வருடமாகக் குறை தேடியே பழகிய காது அவருடையது. அன்றைக்கு அதற்கு எழுதிக் கொடுக்க ஒன்றும் அகப்படவில்லை. வண்டியைத் திருப்பி ஷோரூமில் விட்டுவிட்டு இறங்கியபோது, இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் முதல் தடவையாக அவருக்கு வந்தது. அந்த வாரமே புக் பண்ணிவிட்டார்.

வண்டி எடுக்கிற அன்று ஷோரூமில் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். குடும்பத்தோடு சேர்ந்து துணியை இழுக்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். அவர் தனியாக வந்திருப்பதைப் பார்த்து அனுப்ரியாவே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் போட்டோவை ஐசக் யாருக்கும் அனுப்பவில்லை. கோயிலுக்கு ஓட்டிப் போய் ஃபாதரிடம் வண்டியை மந்திரித்துக்கொண்டார். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

பவுலினாவிடம் மறுநாள் போனில் சொன்னார்.

"நீங்க எப்ப வரப்போறீங்கன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கறேன்," என்றார் பவுலினா. "இதுதான் பதிலா?"

அப்படி இல்லை, ஒரு வண்டி வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றார் ஐசக். சொல்லிவிட்டு வெகுநேரம் யோசித்தார். அவர் அப்படி நினைத்து வாங்கவில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போகிற எண்ணம் உள்ளவன் புதுக் கார் வாங்குவானா என்றும் தோன்றியது.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக்கூடாது என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதை ஐசக் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சூளகிரி வழியாகக் குருபரப்பள்ளி வரைக்கும் போவார். ரோட்டோரக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எவ்வளவு போகும் என்று கேட்பார். இருநூறு போகும் என்பார் ஐசக். நீங்க எவ்வளவு போனீங்க என்று கேட்பார். எண்பது என்பார். ஆயிரம் முடிந்த பிறகுதான் நிஜமாக ஓட்டினார். உத்தனப்பள்ளி ரோட்டின் வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும். அந்தக் கொஞ்ச நேரம் மனசில் வேறு ஒன்றும் இருக்காது. வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்ததும் தெருவே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். இறங்க மனமில்லாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து சீட்டில் முதன்முதலாக ஏறியது அடுத்த வீட்டு ஜோதியம்மாள். பட்டா விஷயமாகக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றார். ஐசக் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போனார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த அம்மா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சாமி பெயர் சொன்னார். ஆபீஸ் வாசலில் இறங்கி, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது ஐசக்கு. திரும்பறப்போ நான் பஸ்ல வந்துக்கறேன்," என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நிஜமாகவே பஸ் ஏறிவிட்டார்.

டிசம்பரில் பவுலினாவும் வின்சியும் மூன்று வார லீவில் வந்தார்கள். ஐசக் வண்டியை இரண்டு நாள் துடைத்தார். பெங்களூர் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்குக் காலை ஏழு மணிக்கே போய் நின்றுகொண்டார். வின்சி அவர் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். பவுலினா அவர் முகத்தைப் பார்த்து, இளைத்துவிட்டீர்கள் என்றார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பெட்டிகள் வருகிற வரைக்கும். நாலு பெரிய பெட்டி. டிக்கியில் ஒன்றை வைத்துப் பார்த்தார். இன்னொன்றைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். கதவு மூடவில்லை. பின் சீட்டை மடக்கினால் பெட்டிகளுக்கு இடம் வந்தது, மனிதர்களுக்கு இல்லாமல் போயிற்று. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். செக்யூரிட்டி வந்து கன்னடத்தில் சீக்கிரம் எடுக்கச் சொன்னார்.

"ஒரு டாக்ஸி கூப்பிடுங்க," என்றார் பவுலினா. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

ஒருவர் தன்னோடு முன்னால் உட்காரலாம் என்றார் ஐசக். வின்சி அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தெரியாத டிரைவரோடு அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டாம்ப்பா, நானும் கூடப் போகிறேன் என்றாள். அதிலும் தப்பில்லை. இரண்டு பெட்டி டாக்ஸியில் ஏறிற்று, இரண்டு பெட்டி ஐசக்கோடு வந்தது. ஹெப்பால் தாண்டும்வரை டாக்ஸியின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகளும் தெரிந்துகொண்டிருந்தன. பிறகு டிராபிக்கில் அந்த வண்டி எங்கோ போய்விட்டது. அத்திப்பள்ளியில் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அரைமணி கழித்துப் போன் பண்ணினால், அவர்கள் ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சாவி இல்லாமல்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து வின்சி வண்டியில் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டாள். அப்பாவும் மகளும் கிருஷ்ணகிரி அணைக்குக் கிளம்பினார்கள். சூளகிரி தாண்டியதும், வேகமாகப் போங்கள் என்றாள். காலியான ஒரு நீட்டம் பார்த்து ஐசக் இரண்டு கியர் இறக்கி அழுத்தினார். வின்சி சீட்டோடு ஒட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இந்தக் காரில் யாரும் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

அணைப் பூங்காவில் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடும்போது வின்சி கேட்டாள்: "அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா ப்பா?"

"என்னத்த?"

"அங்க வீடு வாங்கறத. மார்ச்ல சாவி தராங்க." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நிறுத்தினாள்.

ஐசக் மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "எத்தன ரூமு?" என்றார்.

"மூணு. பின்னாடி ஒரு ஷெட் இருக்குது. ஷெட் இருக்கற வீடாத்தான் அம்மா தேடினாங்க. அப்பா வந்தா எதையாச்சும் கழட்டி மாட்டிட்டு இருப்பார்னு."

அவர் தலையாட்டினார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து, வின்சி குளிக்கப் போனபிறகு, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். பவுலினா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"கார் புக் பண்ணறப்போ நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க. முதல்ல இருந்துச்சு. இப்ப அங்க நான் இருக்கற மாதிரி, இங்க நீங்க இருக்கறீங்க. அவ்வளவுதான்." ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "ஷெட்டு சும்மாதான் கிடக்கும். எப்ப வேணா வாங்க."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஐசக்குக்குத் தோன்றியது. மீதி நாட்களில் உறவினர் வீடுகளுக்கு டாக்ஸியில் போய் வந்தார்கள். திரும்பிப் போகும் அன்றும் பெரிய டாக்ஸி ஒன்றைப் பேசி, மூன்று பேரும் அதிலேயே ஏர்போர்ட் போனார்கள். ஐசக் அதே டாக்ஸியில் பின்சீட்டில் தனியாகத் திரும்பி வந்தார்.

ஜனவரி, பிப்ரவரி எப்போதும்போல ஓடிற்று. ஞாயிற்றுக்கிழமை குருபரப்பள்ளி வரை போனார். ஒருநாள் சர்வீஸுக்கு விட்டார். புது வீட்டுச் சாவி கிடைத்ததும் வின்சி வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். பின்பக்கக் கதவைத் திறந்து ஷெட்டையும் காட்டினாள். ஒரு பழைய ஏணியும் இரண்டு பெயின்ட் டப்பாவும் கிடந்தன. நல்லா இருக்குதும்மா என்றார் ஐசக். மே மாதத்துக்கு ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தார். டிக்கெட் போட்டுவிட்டேன் என்று போனில் சொன்னதும் பவுலினா, எத்தனை நாள் என்று கேட்டார். முப்பது நாள் என்றார். சரி வாங்க என்றார் பவுலினா.

முப்பது நாள் வண்டி சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஸ்டார்ட் பண்ணி ஒரு சுற்று ஓட்டினால் போதும். யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று யோசித்தார். லைனில் கூட வேலை பார்க்கும் ராஜசேகரைக் கேட்டார். இருவரும் பத்து வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். ராஜசேகர் வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் உன் முகத்தில் முழிக்க முடியாது, என்னை விட்டுவிடு என்றான். வேறு பெயர்களை மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வணக்கம் சொல்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். சாவி கொடுக்கிற அளவுக்கு ஒருவரும் இல்லை.

கிளம்பும் அன்று காலையில் பானெட்டைத் திறந்து பேட்டரி கேபிளைத் தானே கழற்றிவைத்தார். டயருக்குக் காற்று கொஞ்சம் கூட்டி அடித்திருந்தார். கவரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். வீட்டுச் சாவியை ஜோதியம்மாளிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க என்றார். அந்த அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "வந்துடுவ இல்ல?" என்றார். "ஒரு மாசந்தாங்க," என்றார் ஐசக்.

ஒற்றைப் பெட்டிதான். எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கே ஏர்போர்ட் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தார். சந்தாபுரத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது போன் அதிர்ந்தது. பவுலினா அனுப்பியிருந்தார்: மே மாசம்னாலும் இங்க குளிரும், ஸ்வெட்டர் எடுத்தீங்களா?

போன தடவை வாங்கிய ஸ்வெட்டர் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அதை எடுத்துவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எடுத்துட்டேன் என்று தட்டி அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.