ஹெனிகன் வயலில் நாற்பத்தொரு கற்கள்

கோல்மன் ஹெனிகனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வயலுக்குப் போவார், பாதி வயலிலேயே திரும்பிவிடுவார். எழுபத்திரண்டு வயதில், ஒரு மே மாதம், மண் தோண்டும் இயந்திரத்தோடு என்னை வரச் சொன்னார். அவர் வயல் நடுவே இருக்கும் வட்டக்கோட்டையைத் தோண்ட வேண்டுமாம்.

ஆயிரம் வருஷத்துக்கு மேலான மண்மேடு அது, சுற்றிலும் முள்மரங்கள். அரசாங்கப் பாதுகாப்பில் வேறு இருக்கிறது. அதைவிட, உள்ளே குடியிருக்கும் மாயமனிதர்களை, பெயர் சொல்லப் பயந்து நாங்கள் 'நல்லவர்கள்' என்பவர்களை, சீண்டி உருப்பட்டவன் அயர்லாந்தில் எங்கள் மாயோ பக்கத்தில் கிடையாது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இயந்திரம் பழுது என்று மூன்று வாரம் புளுகினேன். கிழவனுக்கு நிலத்தாசை என்று மதுக்கடையில் கேலியும் பேசினேன். இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவரே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். யாரோ புகார் சொல்ல, தொல்லியல் அதிகாரி கிரான்யா வந்தாள். கேள்விப்பட்டு நானும் ஓடினேன். அனுமதியில்லாமல் ஒரு பிடி மண் எடுத்தாலும் வழக்கு வரும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்கூடப் பொறந்தவ இங்கதாம்மா கெடக்கா," என்றார் கோல்மன்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. தகப்பன்மார் சத்தமில்லாமல் கோட்டைக்குள் புதைத்துவிட்டு வருவார்கள், அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். இரட்டைப் பிள்ளைகளில் இவர் பிழைத்தார், அவள் பிழைக்கவில்லை. போன குளிர்காலத்தில் சாகக் கிடந்தபோதுதான் அம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். மகளை அம்மாவின் கல்லறைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் அவருக்கு நிம்மதி இல்லை.

கிரான்யா குனிந்து புல்லை விலக்கினாள். சின்னச் சின்னக் கற்கள், நாற்பத்தொன்று. ஒன்றிலும் பெயர் இல்லை.

"இதுல உங்க தங்கச்சி எதுங்க?"

ஒவ்வொரு கல்லிடமும் போய் நின்று பார்த்தார். "தெரியலையேம்மா. அடுத்தவன் புள்ளைய அள்ளிட்டுப் போயிடுவேனே."

மறுநாள் காலை ஒரு வாளியோடு வந்தார். அம்மாவின் கல்லறை மண். கல்லுக்கு ஒரு பிடியாகப் போடத் தொடங்கினார். மேட்டை அளந்துகொண்டிருந்த கிரான்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுக்கத்தானே கூடாதுன்ன," என்றார்.

அவள் மறுபடி குனிந்து அளக்கத் தொடங்கினாள். முப்பத்தேழாவது கல்லோடு மண் தீர்ந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துத் தட்டினார், மேட்டைச் சுற்றி நடந்தார், திரும்பி என்னிடம் வந்தார்.

"மிச்ச நாலுல ஒண்ணு அவளா இருந்துட்டா என்னடா பண்றது?"

நான் வாளியை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியைக் கிளப்பினேன்.