எப்சி போட்ட கோடு

எப்சி இராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கோர்ட்டுக்கு சுருக்கெழுத்தராகப் போய்வருகிறார். பத்தொன்பது வருஷ சர்வீஸ். சாட்சிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அவராகவே சில குறிகள் வைத்திருந்தார். ‘என்று சொன்னால் சரியல்ல’ என்பதற்குச் சின்னக் கொக்கி ஒன்று. போலீசார் பொருளைக் கைப்பற்றியதைப் பார்த்ததாகச் சொல்லும் மகஜர் சாட்சிக்கு வளைந்த கோடு ஒன்று. அதை விரித்தால், ‘நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போலீசார் அழைத்தார்கள். பாட்டில்களை என் முன்னிலையில் கைப்பற்றினார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்’ என்று வரும்.

அந்தக் கோடு பெரும்பாலும் மாரீஸ்வரனுக்குத்தான் பயன்பட்டது. அவருக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் எதிரில் புரோட்டாக் கடை. எங்கே குற்றம் நடந்தாலும் பக்கத்தில் அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒரே நாளில், ஒரே நேரத்தில், தேவதானத்திலும் தளவாய்புரத்திலும்கூடக் குடித்திருக்கிறார். அதை யாரும் கேட்டதில்லை.

போன ஆடியில், சதீஷ் என்பவர் மீது போட்டிருந்த மது பாட்டில் விற்ற கேஸ் விசாரணைக்கு வந்தது. மாரீஸ்வரன் கூண்டில் ஏறியதுமே எப்சியின் கை கோட்டைப் போட்டுவிட்டது. விசாரணை முடிந்ததும், அதுவரை வேறொரு கேஸ் கட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார்.

“கடைசியா சொன்னதை வாசிங்கம்மா.”

எப்சி வாசித்தார். அரசு வக்கீல் தலையாட்டினார்.

“நான் அப்படிச் சொல்லலையே,” என்றார் மாரீஸ்வரன்.

“பதிவானது அதுதானய்யா,” என்றார் அரசு வக்கீல் அவசரமாக.

எப்சிக்கு, காதில் விழுந்தது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றார்.

“ஐயா, பழக்கதோஷத்துல எழுதிட்டேன். பாட்டில் புடிச்ச அன்னைக்கு அவர் மகளுக்கு வளைகாப்புன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கினதாச் சொன்னாரு.”

“ஆமாய்யா, வீட்லதான் இருந்தேன். இந்த ஒரு தடவை எம் பொண்டாட்டி சாட்சிக்கு இருக்கா,” என்றார் மாரீஸ்வரன்.

நீதிபதி நோட்டை வாங்கிப் பார்த்தார். “இதே கோட்டை எத்தனை கேஸ்ல போட்டிருக்கீங்க?”

“நாப்பதுக்கு மேல இருக்கும்ய்யா.”

“அம்புட்டு கேஸ்லயும் இதையேதான் சொன்னாங்களா?”

“அட்சரம் மாறாம சொன்னாங்கய்யா.”

சதீஷ் விடுதலையானார். நாற்பது கேஸிலும் எப்படி ஒரே வாக்கியம் வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. அனுமதியில்லாத குறியீட்டைப் பயன்படுத்தியது ஏன் என்று எப்சியிடம்தான் விளக்கம் கேட்க முடிவானது. அன்று இன்னொரு சுருக்கெழுத்தர் லீவு. ஹெட் கிளார்க் சங்கடத்தோடு மேஜைக்கு வந்தார்.

“உங்க பேருக்கு ஒரு மெமோ டிக்டேட் பண்ணணும். தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

“சொல்லுங்க சார்.”

அவர் சொல்லச் சொல்ல எப்சி ஒரு வார்த்தைகூடச் சுருக்காமல் எழுதினார். பிழையில்லாமல் டைப் அடித்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.