கிணற்று மேட்டில் நான் பிடித்த கயிறு

கயிறு பிடித்துப் பிழைத்தவர்களுக்கு இது புரியும்: கிணறு தூர்வாரும் தொழிலில் மேலே நிற்பவருக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான்.

ரப்பர் விலை விழுந்தபோது மலாயாவில் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் என்னையும் என் வீட்டுக்காரரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஊருக்குக் கப்பலேற மனமில்லை. ஜொகூர் பாரு பட்டணத்துக்கு வந்து இந்தத் தொழிலைத் தொடங்கினோம். அவர் இறங்குவார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு கப்பி வழியாக என் கைக்கு வரும்.

அணைந்த விளக்கு

முதல் கிணறு ஒரு ராவுத்தர் சாப்பாட்டுக் கடையில். மதியச் சமையலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று அவசரப்படுத்தினார். என் வீட்டுக்காரரும் கிணற்றுக்குள் காலை வைக்கப்போனார். நான் தடுத்து, விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினேன். பாதிக் கிணற்றிலேயே அணைந்துவிட்டது. உள்ளே கெட்ட காற்று.

இலைக்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலைத்தோம். நாலாவது தடவைதான் விளக்கு அடிவரை எரிந்தது. அதற்குள் உச்சிவெயில். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். ராவுத்தரோ, "இன்னிக்குச் சோறு இல்லைன்னு சொல்லிடுறேன். நீங்க மெதுவா எறங்குங்க" என்றார்.

கிராணி வீட்டில்

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்குப் பெண் கயிறு பிடிப்பது பிடிக்கவில்லை. "ஆளு விழுந்தா போலீசுக்கு யார் பதில் சொல்றது?" என்று தன் தோட்டக்காரரைப் பிடிக்கச் சொன்னார். அந்த வாரம் எங்களுக்கு வேறு வேலை கிடையாது. கயிற்றைக் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "அவ பிடிச்சா எறங்குறேன்" என்று கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விடுமே என்று எனக்குப் பயம். கடைசியில் தோட்டக்காரரே கயிற்றை என் கையில் திணித்துவிட்டுக் கிராணியிடம், "ஐயா, எனக்குக் கைநடுக்கம் இருக்கு. உங்களுக்கே தெரியும்" என்றார்.

பதில் வராத குரல்

சீனர் ஒருவரின் மளிகைக் கடைக் கிணறு. என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது பக்கச்சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கயிறு கனத்துத் தொங்கியது.

நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். நெற்றியில் ரத்தத்தோடு மேலே வந்தவரைத் தரையில் கிடத்தினோம். கண்ணைத் திறந்ததும் வாளி எங்கே என்று கேட்டார். கடைக்காரர் கயிறு இழுத்துத் தோலுரிந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "உன் புருஷன் ரொம்ப கனம் லா. சோறு கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றார்.

இரண்டு வருஷத்தில் தொழில் நிலைத்துவிட்டது. இறங்கியது அவர் என்றாலும், தலை நரைத்தது எனக்குத்தான்.