துக்க வீட்டுக்குக் கொண்டுபோன ப்ரேசில் பார்ட்டி சாப்பாடு

பச்சை எலுமிச்சையை நறுக்கி, சர்க்கரை போட்டு, இஞ்சி தட்டுற கல்லுல வச்சு மெதுவா நசுக்கினா ஒரு வாசம் வரும் பாருங்க... தோல்ல இருக்கிற எண்ணெய் வாசம். இப்பவும் அது மூக்குல ஏறினா நான் அமெரிக்காவுல ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்ல போய் நிப்பேன்.

தொண்ணூத்தெட்டு. நானும் என் வீட்டுக்காரி சுமதியும் சேலத்துல இருந்து வந்த புதுசு. எதிர் கதவு சிலேனி. ப்ரேசில் பொண்ணு, தனியா இருந்தா, ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை. அவ இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம். அதனாலயே எங்களுக்குள்ள நல்லாப் புரியும்.

அவ பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தா. சீஸ் உருண்டை, கோழி அடைச்ச கூம்பு, அப்புறம் கைப்பிரின்யான்னு ஒரு எலுமிச்சை சரக்கு. பக்கத்துல நின்னு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மொத்த ப்ரேசில் சமையலும் கைக்கு வந்துடுச்சு. மிச்சமான சரக்கு பாட்டிலையும் எனக்கே குடுத்துட்டா. கரும்புச் சாறுல காய்ச்சினது. நம்ம ஊர்ல அதுக்கு வேற பேரு, அதை இங்க எழுத வேண்டாம்.

அடுத்த மாசமே ஒரு சனிக்கிழமை காலைல சுமதி ஓடி வந்தா.

"என்னங்க, சிலேனியோட அப்பா போய்ட்டாராம். அழக்கூட மாட்டேங்குறா. பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா."

அவ கிரீன் கார்டு பேப்பர் குடுத்துட்டுக் காத்திருந்த நேரம். நாட்டை விட்டு வெளியே போனா அப்ளிகேஷன் அவ்வளவுதான், திரும்ப வர முடியாதுன்னு வக்கீல் சொல்லியிருந்தார். ஆறு வருஷப் பாடு. போனாலும் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. அவங்க ஊர்ல ஒரு நாளைக்குள்ள புதைச்சிடுவாங்களாம்.

தெரிஞ்சும் பெட்டி கட்டுறா. மனசு கேட்காதுல்ல...

"துக்க வீட்டுல அடுப்பு எரியக்கூடாது. நாமதான் சாப்பாடு குடுக்கணும், ரசம் சாதம் பண்றேன்"ன்னா சுமதி.

"ரசம் அவ தொண்டைல இறங்குமா? அவங்க ஊர் சாப்பாடு பண்ணுவோம்"னேன்.

அந்த சீஸ் உருண்டைக்கு மரவள்ளி மாவு வேணும். சேலத்துக்காரனுக்கு மரவள்ளி சொல்லித் தரணுமா? ஜவ்வரிசியை மிக்ஸில பொடி பண்ணேன். பால், எண்ணெய் காய்ச்சி ஊத்தி, முட்டை, சீஸ் போட்டுப் பிசைஞ்சு ஓவன்ல வச்சேன். வாசம் பிடிச்சு எதிர்ல ரூட் எய்ட்டீன் ரோட்டுல போற காரெல்லாம் ஸ்லோ ஆச்சு. சிலது கொஞ்சம் கெட்டி. அது ஓவன் பண்ண தப்பு. கோழிக் கூம்பை சுமதி கொழுக்கட்டை பிடிக்கிற கையால பிடிச்சுப் பொரிச்சா.

நான் எலுமிச்சையை எடுத்ததும் முறைச்சா. "சாவு வீட்டுக்கு யாராவது சரக்கு எடுத்துட்டுப் போவாங்களா?"

"நம்ம ஊர்ல சரக்கு இல்லாம யாரைடி தூக்கியிருக்காங்க?"

எலுமிச்சையை நசுக்கி சரக்கைக் கலந்தேன். கிளாஸ்ல கலர் காகிதக் குடை ஒண்ணும் சொருகினேன். பிறந்தநாளன்னைக்கு அவ அப்படித்தான் சொருகியிருந்தா.

கதவைத் திறந்தா சிலேனி. பின்னாடி பெட்டி மூடி ரெடியா நிக்குது. தட்டைப் பார்த்தா. குடையைப் பார்த்தா.

"பார்ட்டி?"

நான் சொன்னேன், "மை கன்ட்ரி... டெத் ஹவுஸ், நோ குக்கிங். நெய்பர் குக்கிங். யுவர் டெத் ஹவுஸ் ஃபுட், ஐ டோன்ட் நோ. ஒன்லி பார்ட்டி ஃபுட் ஐ நோ."

அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. சிரிச்சா. சிரிப்பு எங்க முடிஞ்சு அழுகை எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியலை. சுமதி தட்டை என் கைல திணிச்சுட்டு அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான் ஒரு கைல தட்டு, ஒரு கைல குடை வச்ச கிளாஸோட நின்னேன்...

ரொம்ப நேரம் கழிச்சு கிளாஸை வாங்கினா. அவங்க ஊர்ல முதல் மடக்கைத் தரையில ஊத்துவாங்களாம், சாமிக்குன்னு. "டுடே, மை ஃபாதர்"ன்னு ஊத்தப் போனா.

"நில்லும்மா"ன்னேன். அப்பாவுக்குன்னா நமக்குத் தெற்கு பார்த்துத்தானே? எந்தத் திசைன்னு அவளுக்குத் தெரியலை. அமெரிக்காவுல பாதிப் பேருக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். "சவுத். ஃபாதர்ஸ் சவுத். யுவர் ப்ரேசில் ஆல்ஸோ சவுத்."

ஜன்னலையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி ஊத்தினா. அவ பாஷைல ஏதோ சொன்னா. நாங்க கேட்கலை, அவளும் விளக்கலை.

சீஸ் உருண்டை ஒண்ணு எடுத்துக் கடிச்சா. "டூ ஹார்ட்"ன்னா. இன்னொண்ணு எடுத்தா.

மறுநாள் காலைல பார்க்கிங் லாட்டை எட்டிப் பார்த்தேன். அவ கார் நின்ன இடத்துலயே நின்னுச்சு, அவ கிளம்பலை. சுமதிகிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் காபி குடிச்சோம்.

கார்டு வந்ததும் முதல் வேலையா அப்பா சமாதிக்குத்தான் போனா. திரும்பி வந்து எங்களோட இன்னும் கொஞ்ச காலம் இருந்தா. அப்புறம் ஃப்ளோரிடா பக்கம் போய்ட்டா. நாங்களும் வீடு வாங்கி மாறிட்டோம். ஃபோன் நம்பர் எங்கேயோ தொலைஞ்சது.

போன வருஷம் ஊர்ல என் அண்ணன் போய்ட்டாரு. எனக்கு இப்ப சிட்டிசன்ஷிப் இருக்கு, எந்தப் பேப்பரும் தடுக்காது. டாக்டர்தான் ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னுட்டார். குளிப்பாட்டுறது, தூக்குறது எல்லாம் ஃபோன்லயே பார்த்தேன். படம் அவ்வளவு தெளிவு. கைகூப்புற பொம்மை போட்டு நூறு மெசேஜ் வந்திருக்கும்... கதவை யாரும் தட்டலை.

சிலேனி எதிர்ல இருந்திருந்தா, விவரம் தெரியாம முந்திரி போட்டு கேசரி கிண்டி எடுத்துட்டு வந்திருப்பா. நான் ஒண்ணும் சொல்லாம வாங்கி, ரெண்டு கரண்டி சாப்பிட்டிருப்பேன்.