கடைசி இருக்கைச் சங்கம்

கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் மகளிர் வட்டத்தில் சேரப் போன வாரம் விண்ணப்பித்தேன். கைப்பேசியில் பதினோரு கேள்விகள். ஏழாவது, 'எங்கள் வட்டத்துக்கு உங்களால் என்ன சிறப்பு?' சாம்பார் நன்றாக வைப்பேன் என்று எழுதி, அழித்துவிட்டு, 'ஒழுங்கு' என்று போட்டேன். போட்டதும் மூக்கில் மசால் வடை வாசனை அடித்தது.

அது பல வருடங்களுக்கு முன், வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து செகந்தராபாத் வந்த புதிது. லோத்குண்டா குடியிருப்பில் ஒருவரையும் தெரியாது. ஒரு ஞாயிறு முழுவதும் நான் பேசிய ஒரே ஆள் பால்காரர் என்று டைரியில் இருக்கிறது. அங்கே லேடீஸ் கிளப்பில் சேர, மூன்று உறுப்பினர் வீடுகளில் டீ குடித்துக் காட்ட வேண்டும். கூடவே மசால் வடை. நாம் தின்னும் அழகுக்கு மதிப்பெண் உண்டு. நான் ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் கைக்குட்டையில் ஏந்தித் தின்றேன். 'தற்சமயம் இடமில்லை' என்று தட்டச்சில் கடிதம் வந்தது. உண்மைக் காரணத்தைப் பால்காரர்தான் சொன்னார்: அவர்கள் வீட்டில் தட்டு இல்லை என்று நான் குத்திக் காட்டினேனாம்!

மறுநாள் பட்டான்செரு போகும் கம்பெனி பஸ்ஸில் வழக்கம்போல் நின்றேன். கைக்குட்டையால் கம்பியைத் துடைத்துவிட்டுப் பிடித்தேன். கடைசி இருக்கையில் ஐந்து பெண்கள். நடுவில் சரளாக்கா, செகந்தராபாத் ரயில்வே காலனிக்காரி.

"கம்பியத் தொடச்சே தேச்சிருவா போலிருக்கு. ஏய், நிக்க நக்கோ, நிக்காத! இங்க வா."

"அஞ்சு பேர் சீட்டுக்கா."

"எல்லாரும் மூச்ச உள்ள இழுங்கடீ!"

இழுத்தார்கள். உட்கார்ந்தேன். "ஃபார்ம் எதுவும் எழுதணுமாக்கா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"ஹவ், ஆமா, எழுதணும். மொதல்ல டிபன் டப்பாவத் தொற."

மறுநாளிலிருந்து என் இடத்தில் யாராவது கைக்குட்டை போட்டு வைத்தார்கள். தலைவி, செயலாளர், விதிமுறை எதுவும் இல்லாத சங்கம் எத்தனை நாள் ஓடும் என்று டைரியில் கவலைப்பட்டிருக்கிறேன். பதினாறு வருடம் ஓடியது. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் காத்திருந்ததும் அந்த ஐவர்தான்.

பிறகு கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ஊர். சரளாக்காவும் இப்போது இல்லை.

இன்று காலை மகளிர் வட்டத்தின் பதில் வந்தது. காத்திருப்புப் பட்டியலில் எனக்கு ஆறாவது இடமாம். ஆறாவது ஆளாக உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தான். மூச்சை உள்ளே இழுக்கத்தான் இங்கே ஆளில்லை.