காளியப்பனின் செவலைப் பசு

காளியப்பனை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு மாடு. சேலத்துப் பக்கத்திலிருந்து மலாயாவின் குளுவாங் தோட்டத்துக்கு வந்து ரப்பர் மரம் சீவியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம் மனைவி குளிர்காய்ச்சலில் போனாள். மிஞ்சியது கைக்குழந்தையும் செவலைப் பசுவும். அந்தப் பாலில்தான் குழந்தை பிழைத்துக் கிடந்தது.

அதே ஆண்டு, ரப்பர் மரங்களுக்கிடையே மண்டிய லாலான் புல்லை ஒழிக்க மருந்தடிக்கச் சொன்னார் தோட்டத்துத் துரை. ஆட்கள் முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். போன இடமெல்லாம் புல் தலை சாய்ந்தது. அதை மேய்ந்த ஆடொன்று நின்ற இடத்திலேயே விழுந்தது. அன்றே காளியப்பன் செவலையைக் கொட்டகையில் கட்டிப்போட்டார்.

புல்லுக்குப் பதில் தவிடு. தவிடு தீர்ந்ததும் அரிசி. தோட்டத்தில் தனக்கு அளந்த அரிசியைக் குழைய வேகவைத்துத் தொட்டியில் ஊற்றினார். செவலை நக்கி நக்கிக் குடித்தது. பாலும் கூடியது.

பக்கத்து வீட்டு ராசம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னண்ணே, தெனமும் விருந்தா? நானும் மாடாப் பொறந்திருக்கலாம்."

"புள்ளைக்கு ஆத்தா அதுதானே. நான் குடிக்கிற கஞ்சிய அதுவும் குடிக்கட்டும்."

பிறகு பால் நீர்த்தது. காய்ச்சினால் ஆடை படியவில்லை. சாணம் தண்ணீராய்ப் போய்ப் புளித்த வாடை அடித்தது. பசியில் வாடுகிறது என்று நினைத்த காளியப்பன், சோற்றில் வெல்லம் பிசைந்து ஊட்டினார்.

ஒரு காலையில் ராசம்மா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது அசை போட்டு எத்தன நாளாச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் கவனித்திருக்கவே இல்லை.

"வெந்த அரிசி வயித்துக்குள்ள புளிச்சுப் பொங்கும்ணே. தவுடே புல்லோட சேந்தாத்தான் தாங்கும். சோத்த நிறுத்துங்க. புல்லப் போடுங்க. இல்லேன்னா போயிரும்."

"எந்தப் புல்ல? ஆட்டக் கொன்ன புல்லயா?"

தோட்டத்தை ஒட்டி ஓடிய ரயில் தண்டவாள ஓரத்தில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. மருந்தடிக்கும் ஆட்களை மேய்த்த கங்காணி மூர்த்தியிடம் போய்க் கேட்டார்.

"அங்க இன்னும் அடிக்கல. நாளைக்குத்தான்."

அன்று அறுத்து வந்த புல்லைச் செவலை முகர்ந்துவிட்டு முகம் திருப்பியது. வெகுநேரம் கழித்து ஒரு புல் தாளை இழுத்தது. சாயங்காலம் தாடை அசைந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி ராசம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேறிரும்ணே. ஆனா புல்லு நின்னுறக் கூடாது."

மறுநாள் விடியும்போதே காளியப்பன் தண்டவாள ஓரத்தில் இருந்தார். அறுத்துக் காயவைத்தாவது சேர்த்துவிட வேண்டும். பனி விலகுவதற்குள் பம்புகள் வந்துவிட்டன.

"காளியப்பா, தள்ளு. தொர பாக்குறாரு."

"கொஞ்ச நேரம் பொறுங்க கங்காணி."

"என்னால நிறுத்த முடியாதுப்பா. வேணும்னா முன்னால போய் அறு."

அவர் முன்னால் போனார். குனிந்த முதுகு நிமிரவில்லை. அறுத்த கட்டுகளை அங்கங்கே போட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். பின்னால் உஸ் உஸ்ஸென்று பம்புகளின் மூச்சு நெருங்கியது. கை ஓய்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் அவருடைய கட்டுகளைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டின் மீதும் ஈரம் மினுங்கியது. அது பனியா மருந்தா என்று அந்த ஆட்களாலும் சொல்ல முடியவில்லை.

லயத்துப் பக்கமிருந்து செவலை கத்தியது, பசியோடு.